அக்கா அமுக்காத பதில்

கள்ளக்குறிச்சியில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில், கம்ப்யூட்டருக்கு எதிரே, ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். எல்.எல்.ஆர். எடுக்க வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. வண்டி ஓட்டிப் பழகுவதற்கு அரசாங்கம் கொடுக்கும் முதல் அனுமதிச் சீட்டு அது. அந்த விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டவர் அத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான். கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு அக்கா.

வெள்ளிமலையில் பஸ் ஏற அவர் ஊரிலிருந்து மூன்று மைல் நடக்க வேண்டும். முதல் நாள் வந்தபோது புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் என் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"ரத்த வகை இன்னாக்கா?"

"தெரியாது."

"ஓ பாசிட்டிவ்னு போட்டுக்கறேன்."

"அது என்னுதா?"

"நெறைய பேருக்கு அதாங்க்கா."

"நெறைய பேருக்கு இருந்தா எனக்கும் இருக்குமா? பாத்துகினு வந்து சொல்றேன். அத வுட்டுட்டு மத்தத படி."

தெரியாது என்பதை எங்கள் கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். சிலர் சொல்லவே மாட்டார்கள், சிரித்து மழுப்புவார்கள். அக்கா, வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றி ஒரு பகுதி உண்டு. வலிப்பு உண்டா, திடீரென்று மயக்கம் வருமா, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று வரிசையாகக் கேட்கும். நான் அதை யாரிடமும் கேட்டதில்லை. மயக்கத்துக்கு 'இல்லை', கண்ணுக்கு 'ஆமாம்' என்று என் விரலே தட்டிவிட்டுப் போய்விடும். அன்றைக்கும் தட்டினேன். அக்கா திரையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். மூன்றாவது வரை படித்தவர்.

"ம... யக்... கம். மயக்கமா? இதுக்கு இன்னா போட்ட?"

"இல்லன்னு போட்டேன்."

"போன வருசம் சாமக் காட்டுல கள எடுக்கறப்ப வுழுந்துட்டேனே. தண்ணி தெளிச்சிதான் எழுப்பினாங்க."

"வெயில்ல எல்லாருக்கும் வரதுதாங்க்கா. இருக்குதுன்னு போட்டா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. வீணா அலையணும்."

"அலயறேன். இல்லாதத எழுதினா கை கூசும் எனக்கு. கீழ கையெழுத்து நாந்தான போடணும்?"

அன்றைக்கு அந்த விண்ணப்பம் போகவில்லை. அக்கா கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, மறுநாள் மறுபடி மலையிலிருந்து இறங்கி வந்து முடிவை வாங்கினார். ரத்தத்தில் சத்து ரொம்பக் கம்மி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் டாக்டர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை என் மேஜையில் வைத்தபோது முகத்தில் நிறமே மாறியிருந்தது. "மயக்கம்லாம் போச்சி. இப்ப இல்லன்னு போடு," என்றார். கூடவே, "என் ரத்தம் பி. நீ போட்டிருந்தா பொய்யாயிருக்கும்," என்றும் சொன்னார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அவருக்குப் பரீட்சையில் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் கடையில் பரீட்சை எப்படி நடந்தது என்று சொல்லிவிட வேண்டும். சாலை விதிகளைப் பற்றிச் சில கேள்விகள் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தேர்ந்தெடுத்து அமுக்க வேண்டும். இருக்கிற இடத்திலிருந்தே எழுதலாம்; எழுதுகிறவர் முகத்தைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். கேமரா முகத்தைத்தான் பார்க்கும். மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எங்கள் கடையில் அது பெரும்பாலும் என் கையில் இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும், அவசரக்காரர்களுக்கும், நன்றாகப் படித்துவிட்டுச் சோம்பேறித்தனப்பட்டவர்களுக்கும் நானே அமுக்கினேன். முதலாளிக்குத் தெரியும். தேறாமல் யாரும் திரும்பிப் போகாத கடை என்று எங்களுக்குப் பெயர்.

அக்காவுக்கு முதல் பரீட்சையில் மவுஸை நான் பிடித்தேன். அக்கா என் கையை மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசைய எழுத்துக்கூட்டினார். படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்து அடுத்த கேள்வி வந்துவிடும். மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் எது முதலில் போக வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பார்வையில் பதிலை அமுக்கினார். "மேல ஏறி வர வண்டிக்குத்தான் வழி வுடணும். இத கூடவா கேப்பாங்க?" என்றார். மற்றவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அடுத்த வாரம் எங்கள் கடையில் கொடுக்கும் சாலைக் குறிகள் புத்தகத்தோடு வந்தார். ஒரு பக்கத்தின் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது.

"இந்தக் கோடு கோடா போட்ட எடம் எங்க இருக்குது?"

சாலையைக் கடக்கிறவர்களுக்காக வெள்ளைக் கோடு போட்ட இடம். நாலு ரோட்டில் இருக்கிறது, பாதி அழிந்துபோயிருக்கும் என்றேன். போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"கோடு இருக்குது. யாரும் நிக்கல. புஸ்தகத்துல நிக்கணும்னு போட்டிருக்குது. நான் எத நம்பறது?"

"புஸ்தகத்தக்கா. பரீட்சைக்குப் புஸ்தகம்தான்."

"பரீட்சைக்கு சரி. ரோட்டுக்கு?"

"ரோட்டுக்கும் அதான்," என்று அவரே சொல்லிக்கொண்டார். அடுத்து ரயில்வே கேட் படத்தைக் காட்டினார். மலையில் ரயில் ஏது. மனப்பாடம் செய்துகொள்ளச் சொன்னேன். பார்க்காத ஒன்றைத் தெரியும் என்று எப்படி அமுக்குவது என்றார். அங்கிருந்து பஸ் ஏறி நேராகச் சின்னசேலம் போனார். மத்தியானம் முழுக்க ரயில்வே கேட் பக்கத்தில் நின்றுவிட்டு, மறுமுறை வந்தபோது கதையாகச் சொன்னார்.

"ரெண்டு ரயிலு பாத்தேன். மணி அடிச்சி கேட்ட மூடினதுக்கப்புறம் ஒரு ஆளு குனிஞ்சி மோட்டார் பைக்க உள்ள வுட்டுகினு போறான். பின்னாடி சின்னப் புள்ள ஒக்காந்துகினு இருக்குது. அந்தாளு இந்தப் பரீட்சைய எப்படிப் பாஸ் பண்ணான்?"

அந்தாளு எங்கள் கடையிலேயே பாஸ் பண்ணியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய கொழுந்தனார் தனியாக வந்து கடை வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரை உட்காரச் சொல்லி விஷயம் கேட்டேன். அவர் சொல்லித்தான் மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் ஊரில் ஒரே ஒரு ஜீப். அக்காவின் வீட்டுக்காரர் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. கட்டிலும் வாசலும்தான் அவருக்கு உலகம். அன்றிலிருந்து அக்காதான் ஜீப்பை ஓட்டினார். தங்கள் காட்டு மரவள்ளியையும், ஊரில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போவார். லைசென்ஸ் கிடையாது. மலைக்குள்ளே யாரும் கேட்டதும் கிடையாது. இந்த வருடப் பனிக்காலத்தில் ஒரு வளைவில் எதிரே வந்த பைக் வழுக்கி ஜீப்பில் இடித்தது. பைக் ஓட்டியவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தப்பு என்மேலதான், விடுங்க என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

"அவனே போய்ட்டான்ங்க. எங்க அண்ணி நேரா போலீஸ் டேசனுக்குப் போயி, இந்தமாரி ஆச்சின்னு சொல்லிகினு நின்னுச்சி. அங்க இருந்த ஏட்டு லைசென்ஸ் எங்கன்னு கேட்டாரு. இல்லன்னு சொல்லிட்டுது. லைசென்ஸ் எடுக்கற வரைக்கும் வண்டிய தொடாதன்னு சொல்லி அனுப்பிச்சாரு. தார்ப்பாய போட்டு மூடிட்டுது. நாலு மாசமாச்சி. ஊரே நடக்குது. போன வாரம் எங்கம்மாவ டோலி கட்டி தூக்கினு வந்தோம்."

"ஓட்டச் சொல்லிப் பாத்தீங்களா?"

"காலுல வுழாத கொறதான். மலைக்குள்ள யாரு பாக்கப் போறான்னு கேட்டா, ஏன், நான் பாக்கலயான்னு கேக்குது. அண்ணிக்குத் தெரியாம நீங்களே அமுக்கி வுட்டுடுங்கம்மா. புண்ணியமாப் போவும்."

இதைச் சொல்லும்போது அந்த மனிதர் கண் கலங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் என்ன தப்பு? தினமும் யார் யாருக்கோ செய்கிறேன். ஆறு வருடம் மலையில் ஓட்டிய ஒருவருக்குச் செய்யக்கூடாதா?

பரீட்சை அன்று அக்கா ரொம்ப நன்றாகச் செய்தார். எழுத்துக்கூட்டும் வேகம் கூடியிருந்தது. ரயில்வே கேட் கேள்வி வந்தபோது சின்னதாகச் சிரித்துக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு வந்தபோது, அதைச் சரியாகச் சொன்னால் பாஸ், இல்லையென்றால் இல்லை என்ற கணக்கில் இருந்தது. மூடுபனி விளக்கை எப்போது போட வேண்டும் என்பது போன்ற கேள்வி. வாக்கியம் நீளமானது. அக்கா பாதிதான் தாண்டியிருந்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எட்டி மவுஸைத் தட்டிவிட்டேன். திரையில் பச்சை நிறத்தில் தேர்ச்சி என்று வந்தது.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நான் இன்னும் படிச்சி முடிக்கல."

"உங்களுக்குத் தெரிஞ்சதுதாங்க்கா. பனியில வெளக்கு போட உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் சொல்லல. நீ அமுக்கின."

அச்சாகி வந்த எல்.எல்.ஆர். தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, "இத குடுத்தவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறார் என்று புரிந்ததும், "அக்கா, என் வேல போயிடும்," என்றேன். "உன்னப் பத்தி நான் இன்னாத்துக்குப் பேசறேன்?" என்றபடி வெளியே நடந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே லைசென்ஸ் பரீட்சைகளைப் பார்க்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் வயதானவர், அதிகம் பேசாதவர். அக்கா தாளை அவர் மேஜைமேல் வைத்தார்.

"சார், இத எடுத்துக்கினு எனக்கு மறுபடி பரீட்ச வைங்க. இதுல ஒண்ணுக்கு நான் பதில் சொல்லல."

"வேற யாரு சொன்னா?"

"அத நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லல. அதான் எனக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"ஆறு வருசமா ஓட்டறேன்."

"லைசென்ஸ் இல்லாமயா?"

"ஆமா சார். நாலு மாசமா ஓட்டல."

"ஏம்மா, இதெல்லாம் என்கிட்ட சொல்லணுமா?"

"நீங்கதான கேட்டீங்க."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். பல வருடமாகப் பார்க்கிற முகம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததால், "நாந்தான் சார் அமுக்கினேன்," என்று வாயில் வந்துவிட்டது.

"இவங்களுக்கு மட்டுமா?"

நான் பேசாமல் நின்றேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்த எல்.எல்.ஆர். ரத்தாயிற்று. எங்கள் கடையிலிருந்து இனி ஒருவரும் பரீட்சை எழுதக் கூடாது, ஆபீசுக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளி அன்று சாயங்காலமே என்னை அனுப்பிவிட்டார். ஒன்பது வருடமாக அமுக்கு என்று சொல்லிவந்தவர், யாரைக் கேட்டு அமுக்கினாய் என்று கேட்டார்.

அந்த மாதம் முழுக்க அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனதுக்குள்தான். நேர்மை அவருக்கு, வேலை போனது எனக்கு. வீட்டில் ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் விதவிதமாகப் பேசினார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் அவ்வளவு கவனமாக இருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள் காலையில் விலாசம் விசாரித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் சாமை அரிசிப் பை. உட்காரச் சொன்னேன். இந்த முறை உட்கார்ந்தார்.

"வேல போச்சின்னு இப்பதான் சொன்னாங்க. நான் உன் பேர சொல்லல."

"தெரியும்க்கா."

"நீயா சொன்ன."

"ஆமா. நானாதான் சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"தெரியாது."

அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தப் பதிலை அவர் ஏற்றுக்கொண்டார். பிறகுதான் தான் பாஸ் ஆகிவிட்டதைச் சொன்னார். ஆபீசில் இன்ஸ்பெக்டர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதினாராம். ஒன்றே ஒன்றுதான் தப்பாம். அது எது என்றும் சொல்லி, சரியான பதிலையும் சொன்னார்.

"ஆனா தனியா ஓட்டக் கூடாதாம். லைசென்ஸ் வச்சிருக்கற ஆளு ஒருத்தரு பக்கத்துல ஒக்காரணுமாம். ஊர்ல லைசென்ஸ் யாருக்கு இருக்குது? எங்கூட்டுக்காரருக்குத்தான். அது இன்னும் செல்லுதுன்னு அந்த சார் பாத்து சொன்னாரு. கால் வராது சார், கைதான் வரும்னு சொன்னேன். ஒக்காந்த எடத்துலேர்ந்து ஹேண்ட் பிரேக்கு எட்டுமா, பலமா இழுப்பாரான்னு கேட்டாரு. எட்டும், இழுப்பாருன்னு சொன்னேன். இழுத்துப் பாத்துட்டு ஓட்டுங்கன்னாரு."

போகும்போது, "மலைக்கு வா. சும்மாதான இருக்க," என்றார். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கும். சும்மா இருந்தது உண்மைதான்.

அடுத்த வாரம் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கியபோது கடைவீதி ஓரத்தில் ஜீப் நின்றது. முன்னும் பின்னும் சிவப்பில் எல் போட்ட அட்டை. இடது பக்க இருக்கையில், வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குத் தலையணை வைத்து, இடுப்போடு சேர்த்து ஒரு பழைய புடவையால் இருக்கையில் கட்டியிருந்தது. ஜீப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரோ டீ வாங்கி உள்ளே நீட்டினார்கள். "செத்துட்டன்னு இல்லடா நெனச்சிகினு இருந்தோம்," என்று ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆறு வருடத்தில் அவர் கடைவீதிக்கு வந்தது அந்த மாதம்தான். தினமும் காலையில் அக்காவும் கொழுந்தனாரும் அவரைத் தூக்கி வந்து உட்கார வைக்கிறார்கள். முதல் நாள் வர மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். "நீ இல்லன்னா வண்டி எடுக்க முடியாது, சட்டம்," என்று அக்கா சொல்லியிருக்கிறார். பரிதாபப்பட்டு யாராவது கூப்பிட்டிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார் என்று கொழுந்தனார் பிறகு என்னிடம் சொன்னார்.

நான் பையோடு ஜீப்பின் பின்பக்கம் ஏறப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"எல்லு போட்டிருக்குது. வேற ஆள ஏத்தக் கூடாது."

"மூணு மைலுக்கா."

"தெரியும். அந்தப் பைய குடு. பை சாமான்தான, ஏத்தலாம்."

வீட்டுக்காரர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "பாவம், கீழ நாட்டுலேர்ந்து வந்திருக்காங்க. பழக்கமில்லாத காலு," என்றார். அக்கா ஏறி உட்கார்ந்து, அவரை ஒருமுறை ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடச் சொன்னார். அவர் இழுத்துக் காட்டினார். அக்கா வண்டியைக் கிளப்பினார்.

கடைவீதியைத் தாண்டி மண்பாதையில் திரும்பியதும் வேகம் எடுப்பார், நான் புழுதியில் தனியாக நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. முதல் கியரிலேயே, என் நடைக்குச் சரியாக, ஜீப் என் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. நான் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது. வீட்டுக்காரர் வெளியே கையை நீட்டி ஒவ்வொரு காடும் யாருடையது என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லும்போதே இடையில் நிறுத்திவிட்டு, உள்பக்கம் திரும்பி அக்காவிடம் கேட்பார்.

"இங்க ஒரு கடுக்கா மரம் இருந்துச்சே?"

"காத்துல வுழுந்துடுச்சி."

"இந்த வூடு யாருது, புதுசா இருக்குது?"

"உன் சித்தப்பா மவன் கட்டினது."

"அந்தக் கெணறு தண்ணி ஊறுதா?"

"தெரியாது," என்றார் அக்கா. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, இறங்கிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஊறுது."